சுத்தியலின் நான்கு சொடுக்குகள்

மேக்பைக்குக் காது கேட்காது என்றுதான் இரண்டு வருடங்களாக நம்பிக்கொண்டிருந்தேன்.

நம்பக் காரணம் இருந்தது. எங்கள் கொட்டகைக்குப் பின்னால் ஒரு மண்மேடு உண்டு. ஞாயிற்றுக்கிழமைப் போட்டிகளுக்காக நான் அங்கேதான் சுட்டுப் பழகுவேன். என் பிஸ்டலின் முதல் சத்தத்திலேயே மற்ற குதிரைகள் வாலைத் தூக்கிக்கொண்டு கடைசி வேலிவரை ஓடிவிடும். மேக்பை மட்டும் புல்லிலிருந்து தலையை எடுக்க மாட்டாள். ஒரு மேகசின் தோட்டா முழுவதையும் காலி செய்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பேன். அவள் தாடை அதே நிதானத்தில் அசைந்துகொண்டிருக்கும். உடம்பெல்லாம் கறுப்பும் வெள்ளையும் என்பதால் எங்கள் ஊர்ப் பறவையின் பெயரை நான்தான் அவளுக்கு வைத்தேன். அந்தப் பறவையின் வாயாடித்தனத்தில் ஒரு துளிகூட அவளிடம் இல்லை.

குதிரைச் சந்தையில் வாங்கியவள். யாரோ ஒருவர் இறந்துபோய், அவர் வைத்திருந்ததையெல்லாம் ஏலம் விட்டபோது வந்தவள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆள் அவளைப் பற்றி எதுவும் அறிந்திருக்கவில்லை. சாது, கொஞ்சம் சோம்பேறி என்று மட்டும் சொன்னார். அது உண்மைதான். அவள் மேல் உட்கார்ந்து போவது சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து போவது மாதிரி இருக்கும். நான் படித்த கதைகளில் வரும் குதிரைகள் எல்லாம் புயல், மின்னல் என்று இருந்தன. என் குதிரை தூக்கம். ஆனாலும் அவளை எனக்கு அவ்வளவு பிடிக்கும். காலையில் வேலி ஓரம் வந்து நின்று, என் கோட்டுப் பையில் மூக்கை வைத்து மூச்சு விடுவாள். அந்தச் சூட்டுக்காகவே நான் கோட்டுக்குப் பொத்தான் போடாமல் போவேன்.

ட்வைலாவைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். எங்கள் வேலி முடியும் இடத்தில் அவளுடைய பண்ணை தொடங்குகிறது. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்து பெஞ்சு. குதிரையில் ஏறினால் அவள் இடுப்பில் ஒரு சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வர் தொங்கும், பாம்புக்காக. ஒரு பழைய சேணத்தைக் கொடுத்து மாற்றிக்கொண்டது. அதன் நீல நிறமெல்லாம் தேய்ந்து, மழைக்கு முந்தைய வானம் மாதிரி சாம்பலாகியிருந்தது. நான் அதைப் பார்த்துச் சிரிக்காத நாள் இல்லை. ஒவ்வொரு குண்டுக்கும், பிடிக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னால் இழுக்க வேண்டும். இழுக்காவிட்டால் விசையை என்னதான் அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது. அதைவிட எனக்கு வேடிக்கையாக இருந்தது இன்னொன்று. சுத்தியலை இழுக்கும் ஒவ்வொரு முறையும் ஓர் அறை நகரும் அந்த உருளையில் ஆறு அறைகள் இருக்கும், ஆனால் ஐந்தில்தான் தோட்டா போடுவார்கள். ஆறாவதைக் காலியாக விட்டு, அதன் மேல் சுத்தியலை இறக்கி வைப்பார்கள். அந்தக் காலத்துத் துப்பாக்கி அது. சுத்தியலுக்கு அடியில் தோட்டா இருந்து, துப்பாக்கி கைதவறி விழுந்தால், தானே வெடித்துவிடும்.

"ஆறு ரூம் வீட்டக் கட்டி ஒரு ரூமப் பூட்டி வச்சிருக்கியே, யாருக்குடி அது?" என்று ஒருமுறை கேட்டேன்.

"நீ வந்தா தங்கறதுக்கு," என்றாள் ட்வைலா. "ஆனா அதுல ஜன்னல் கிடையாது, சொல்லிட்டேன்."

ஞாயிற்றுக்கிழமைகளில் என் பிஸ்டல் வரிசையாக நிற்கும் இரும்புத் தகடுகளையெல்லாம் சுட்டுத் தள்ளிவிட்டு ஓய்ந்திருக்கும். அவள் பாதித் தகடுகளைக்கூட வீழ்த்தியிருக்க மாட்டாள். அதைப் பற்றி அவளுக்குக் கவலையே இல்லை. அது எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பும்.

அந்த ஏப்ரலில் பனி உருகிக்கொண்டிருந்தது. மாடுகள் கன்று போடும் காலம். என் அண்ணன் லோவெல் ஒழுங்காகத் தூங்கியே வாரங்கள் ஆகியிருந்தன. தூரத்து மேய்ச்சல் நிலத்தில் விட்டிருந்த குதிரைகளைப் பார்த்துவிட்டு வரலாம் என்று ஒரு காலையில் நானும் ட்வைலாவும் கிளம்பினோம். அவள் தன் குதிரையில், நான் பிக்கப் வண்டியில். அங்கே மாடுகள் நீர் குடிக்கும் குட்டை ஒன்று உண்டு. அதன் கரையில் மற்ற குதிரைகள் நின்றுகொண்டிருந்தன. எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு, அசையாமல்.

கிழக்கு மொன்டானாவில் எங்கள் மண் காய்ந்திருக்கும்போது சிமென்ட். நனைந்துவிட்டால் அதற்குப் பெயர் மண் இல்லை. பூட்ஸைக் கழற்றும், டயரைக் கழற்றும், பிடித்ததை விடாது. மேக்பை அதில் வயிறுவரை புதைந்திருந்தாள். கால்கள் எங்கே இருக்கின்றன என்றே தெரியவில்லை. முதுகு மட்டும் சேற்றின் மேல் ஒரு தீவு மாதிரி கிடந்தது.

எங்களைப் பார்த்ததும் கனைத்தாள். அப்போது அவளிடம் இன்னும் நம்பிக்கை இருந்தது.

மண்வெட்டியால் தோண்டினோம். தோண்டிய குழியில் உடனே சேறு வந்து நிறைந்தது. போன் சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு ட்வைலா குதிரையை விரட்டிக்கொண்டு போய் லோவெல்லையும் டாக்டரையும் கூப்பிட்டாள். கால்நடை டாக்டர் மாவட்டத்தின் அந்தக் கோடியில் ஒரு பசுவின் வயிற்றுக்குள் தோள்வரை கையை விட்டுக்கொண்டிருக்கிறாராம், நாளைக்குத்தான் வர முடியுமாம். லோவெல் டிராக்டரோடு வந்தான். பலகைகளைப் போட்டு, நானும் ட்வைலாவும் சேற்றில் படுத்து, அவள் நெஞ்சுக்கு அடியில் அகலமான பட்டையைச் செலுத்திக் கட்டினோம். டிராக்டர் கெட்டியான தரையில் நின்று மெதுவாக இழுத்தது. கயிறு விறைத்தது. மேக்பை வரவில்லை. லோவெல் உடனே நிறுத்திவிட்டான். மரக்கட்டையை இழுப்பது போலக் குதிரையை இழுக்க முடியாது. இயந்திரம் இழுக்கும் நொடியில் அவளும் எழும்ப வேண்டும். அவள் எழும்பாமல் இழுத்தால் சேறு விடாது, உடம்புதான் விடும்.

முதலில் அவள் எழும்பத்தான் பார்த்தாள். மதியம்வரை முயன்றாள். பிறகு முயற்சிகளுக்கு நடுவே இடைவெளி கூடிக்கொண்டே போனது. வடக்கிலிருந்து காற்று வந்தது. கரையில் உருகியிருந்த நீரின் மேல் மறுபடி மெல்லிய பனித்தகடு படியத் தொடங்கியது. மேக்பை கழுத்தை நீட்டித் தலையைச் சேற்றின் மேல் வைத்தாள். காதுகள் இரண்டும் பக்கவாட்டில் தொங்கின. நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், தட்டினேன், கெஞ்சினேன். லோவெல் ஹாரனை அலற விட்டான். ட்வைலா தன் குதிரையை அவள் கண் முன்னால் ஓட்டிக் காட்டினாள். மேக்பையின் கண் திறந்திருந்தது, ஆனால் எதையும் பார்க்கவில்லை.

லோவெல் டிராக்டரிலிருந்து இறங்கி வந்து தொப்பியைக் கழற்றினான். அவன் தொப்பியைக் கழற்றினால் எனக்குப் புரிந்துவிடும்.

"நீவா," என்று என் பெயரைச் சொன்னான். "இருட்டினா குளிர் அவள உயிரோட பிடுங்கித் தின்னும். கொயோட் நரியும் வரும். அதுக்கு முன்னாடி..."

"தெரியும்ணா."

"நான் வேணா..."

"வேணாம்."

எங்கள் பக்கத்தில் அது பேசி முடிவு செய்யும் விஷயம் இல்லை. தன் குதிரையின் கடைசி நிமிடத்தை இன்னொருவர் கையில் யாரும் கொடுக்க மாட்டார்கள். எந்தக் கை ஓட்ஸ் கொடுத்ததோ அந்தக் கைதான் அதையும் செய்ய வேண்டும்.

இடுப்பிலிருந்து பிஸ்டலை எடுத்தேன். காலையிலிருந்து அதை இடுப்பில் வைத்துக்கொண்டேதான் சேற்றில் புரண்டிருக்கிறேன். குழலுக்குள் சேறு, மேல்பகுதியின் பள்ளங்களில் சேறு, அதுவும் பாதி காய்ந்து. அந்த மேல்பகுதியைப் பின்னால் இழுத்தேன். அது நகரவில்லை. லோவெல்லின் ரைஃபிள் கன்றுக் கொட்டகையில் இருந்தது. இந்தப் பாதையில் போய்த் திரும்புவதற்குள் இருட்டிவிடும்.

ட்வைலா வேறு எந்த நாளாக இருந்தாலும் விட்டிருக்க மாட்டாள், பிஸ்டல் சேறு தின்கிறதா என்று கேட்டு என்னை ஒரு வழி பண்ணியிருப்பாள். அன்றைக்கு அவள் தன் கோட்டுக்கு அடியில் உலர்ந்து கிடந்த ரிவால்வரை எடுத்துப் பிடியை என் பக்கம் நீட்டினாள்.

"அஞ்சு இருக்கு. வேற தோட்டா எங்கிட்ட இல்ல. சுத்தியல் காலி ரூம் மேல இருக்கு," என்றாள்.

பலகையின் மேல் முழங்காலிட்டேன். ஒரு காதிலிருந்து எதிர்க் கண்ணுக்கு ஒரு கோடு, மறு காதிலிருந்து மறு கண்ணுக்கு ஒரு கோடு. அவை வெட்டிக்கொள்ளும் இடம். அந்த இடத்தில் மேக்பைக்கு ஒரு சின்ன வெள்ளைச் சுழி இருந்தது. எத்தனையோ காலைகளில் அதில் என் நெற்றியை வைத்திருக்கிறேன். குழலை அங்கே வைத்தேன். மன்னிப்புக் கேட்டேனா, வேறு ஏதாவது சொன்னேனா, நினைவில்லை. விசையை அழுத்தினேன்.

ஒன்றும் நடக்கவில்லை.

என் கைக்கு அந்தப் பழக்கம் இல்லை. அழுத்தினால் சுடும் என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். மறுபடி அழுத்தினேன். விசை தளர்ந்து, எதிலும் படாமல், ஏதோ வேறு ஒரு காலத்தில் இருப்பது போல அசைந்தது.

"சுத்தியல இழுக்கணும்டி," என்றாள் ட்வைலா, மிக மெதுவாக.

கட்டைவிரலை வைத்து இழுத்தேன். நான் அதுவரை அந்தத் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. சுத்தியல் ஒரேயடியாக வரவில்லை, படிப்படியாக வந்தது. சொடுக். சொடுக். பிறகு உருளை திரும்பி ஒரு சொடுக். கடைசியில் ஆழமாக, ஒரு கதவு தாழிட்டுக்கொண்டது போல இன்னொன்று.

மேக்பையின் காதுகள் எழுந்தன.

இரண்டும். செங்குத்தாக. சேற்றில் கிடந்த அந்தத் தலையில், உயிர் போய்விட்டது என்று நான் நினைத்த இடத்திலிருந்து, இரண்டு காதுகளும் எழுந்து முன்னால் திரும்பின. அந்த நான்கு சொடுக்குகளும் காற்றில் ஒரு மூச்சைவிடச் சின்னவை. ஹாரனுக்கு அசையாத காதுகள் அவை. அவள் கண் என்னைப் பார்த்தது. என்னைத் தாண்டி எங்கோ பார்த்தது. சேற்றுக்கு அடியில், எங்களுக்குத் தெரியாத ஆழத்தில், ஏதோ ஒன்று சுருண்டு திரண்டு அவள் முதுகு வழியாக எழும்பி வந்தது. தீவு நகர்ந்தது.

குழலை அவள் நெற்றியிலிருந்து எடுத்துவிட்டேன். சுத்தியல் இன்னும் பின்னால் நின்றுகொண்டிருந்தது. அதை எப்படித் திரும்ப இறக்குவது என்று எனக்குத் தெரியாது.

"எறக்காத. உன் விரல் வெறச்சுக் கிடக்கு, நழுவிடும். அந்த மேட்டுல சுட்டுடு," என்றாள் ட்வைலா.

எதிர்க்கரை மேட்டில் சுட்டேன். மேக்பை இன்னொரு முறை உந்தினாள். நெஞ்சு ஒரு கையகலம் மேலே வந்து, மறுபடி அமிழ்ந்தது.

நாங்கள் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ட்வைலா சேற்றுக் கையோடு தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நீவா. இவளுக்கு முன்னாடி சொந்தக்காரன் யாரு?"

தெரியாது என்றேன்.

"என் சித்தப்பா பொண்ணு ஒருத்தி இருக்காளே, ஓடற குதிரை மேல இருந்து பலூன் சுடற போட்டிக்குப் போவா. வெத்து வெடிதான், குண்டு கிடையாது. ஆனா அதுல எல்லாரும் இந்தத் துப்பாக்கிதான் வச்சிருக்கணும், இதான் சட்டம். அவ குதிரையும் வீட்ல செத்த பாம்பு மாதிரிதான் கிடக்கும். மைதானத்துல நின்னா..." அவள் முடிக்கவில்லை. மேக்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

லோவெல் ஏற்கெனவே டிராக்டரை நோக்கி ஓடிக்கொண்டிருந்தான். ஏறுவதற்கு முன்னால் திரும்பி, கடைசித் தோட்டாவைத் தொடக் கூடாது, அது அவளுக்கு என்றான். நாங்கள் தலையசைத்தோம். அவளைப் பாதி நம்பிக்கையில் எழுப்பி, பாதி உடைத்து, பிறகு இருட்டில் குளிருக்கு விட்டுவிட்டுப் போக எங்களால் முடியாது. மூன்று முறை அவளைக் கூப்பிடலாம். நான்காவது முறை கூப்பிட்டால் அது விடைகொடுக்க.

ட்வைலா பட்டையைச் சரிசெய்து, லோவெல்லுக்குச் சைகை காட்டத் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டாள். நான் மேக்பையின் தலையருகே நின்று சுத்தியலை இழுத்தேன், மேட்டில் சுட்டேன், தொப்பி இறங்கியது, கயிறு விறைத்தது. நெஞ்சு வெளியே வந்தது. சேறு விட்ட சத்தம் ஒரு பெரிய மிருகம் வாயைத் திறப்பது போல இருந்தது. மறுபடி இழுத்தேன், சுட்டேன். ஒரு முன்னங்கால் வெளியே வந்து பலகையின் மேல் அறைந்தது. மறுபடி. இரண்டாவது முன்னங்கால் வந்தது. ஆனால் பின்பக்கம் அப்படியே இருந்தது. மேக்பை முன்னங்கால்களைப் பரப்பி, கழுத்து துடிக்க, மூக்கிலிருந்து புகை விட்டுக்கொண்டு நின்றாள். அரைக் குதிரை.

மூன்றும் முடிந்துவிட்டன.

லோவெல் டிராக்டரின் மேல் எழுந்து நின்றான். அவன் முகம் தூரத்திலிருந்து சரியாகத் தெரியவில்லை. தொப்பி இன்னும் தலையில் இருந்தது, அவ்வளவுதான் தெரிந்தது.

நான் கையில் இருந்த ரிவால்வரைப் பார்த்தேன். அப்போது ஏனோ எங்கள் கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் மண்மேடு நினைவுக்கு வந்தது. மேகசின் மேகசினாக நான் சுட்டுத் தள்ளிய சாயங்காலங்கள். தலையே எடுக்காமல் மேய்ந்த மேக்பை. இரண்டு வருடம் அவள் காதருகே நான் எழுப்பிய சத்தத்தில் ஒன்றுகூட அவளுக்கு எதுவும் சொல்லவில்லை. சற்று முன் கடைசியாகச் சுட்டபோதும் அவள் கால் பலகையில் விழுந்தது முதலில், வெடித்தது பிறகு. மூன்று முறையும் அவள் எழும்பத் தொடங்கியது வெடிக்கு முன்னால்தான். நான்தான் வெடிச் சத்தத்தைக் கேட்டேன். அவள் கேட்டது வேறு.

"வெடி இல்லடி," என்றேன். "சொடுக்கு. அவளுக்கு அந்தச் சொடுக்கு மட்டும் போதும்."

ட்வைலா ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு தொப்பியை உயர்த்தினாள்.

இழுத்தேன். நான்கு சொடுக்குகள். கடைசித் தோட்டா சுத்தியலுக்கு நேராக வந்து நின்றது. காதுகள் எழுந்தன, தொப்பி இறங்கியது, மேக்பை எழும்பினாள், சேற்றுக்குள்ளிருந்து அவள் இடுப்பெலும்பின் மேடு தெரிந்தது. நான் சுடவில்லை. இப்போது அந்தச் சுத்தியலை இறக்கியாக வேண்டும். எப்படி என்று ட்வைலா என் தோளருகே வந்து சொன்னாள், குதிரையிடம் பேசும் குரலில். குழல் மேட்டைப் பார்க்கட்டும், கட்டைவிரலைச் சுத்தியலின் மேல் முழுசாகப் போடு, இப்போது விசையை அழுத்து, கனத்தை வாங்கிக்கொள், விடாதே, கூடவே இறங்கு. சுத்தியலின் வில் அந்தச் சின்ன இரும்புக்குள் அவ்வளவு வேகத்தை வைத்திருந்தது. சேற்று விரல் பாதியில் வழுக்கியது. நகத்தால் பிடித்தேன். நகம் கிழிந்தது, ஆனால் சுத்தியல் இறங்கி நின்றது.

இனி ஒருமுறை அதைச் செய்ய என்னால் முடியாது என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் செய்யத் தேவையும் இல்லை. அடுத்து வருவது காலி அறை. பூட்டி வைத்த ரூம் என்று நான் சிரித்த அதே அறை. அதற்குப் பின்னால் வெடித்து முடிந்த நான்கு. அவற்றின் மேல் சுத்தியல் எப்படி விழுந்தாலும் ஆபத்தில்லை. ஆனால் உருளை ஒவ்வொரு இழுப்புக்கும் சுற்றிக்கொண்டே போகும். காலியும் வெற்றுமாக ஐந்து அறைகள் போன பிறகு, அந்த ஒரே தோட்டா மறுபடி வந்து நிற்கும். அதற்குள் அவள் வெளியே வந்தாக வேண்டும். வராவிட்டால் அது எதற்கு என்று நாங்கள் மூன்று பேருமே பேசி வைத்திருந்தோம்.

காலி அறையை அவளுக்குக் கேட்கக் கொடுத்தேன். எழும்பினாள். தொடை வெளியே வந்தது.

அடுத்ததற்கு ஒரு பின்னங்கால் முட்டிவரை.

அடுத்ததற்கு எழும்பவில்லை. காதுகள் மட்டும் எழுந்தன, உடம்பு வரவில்லை. நான் காத்திருந்தேன். அவள் விலா ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முன்பு இந்தத் துப்பாக்கியிடம் எனக்குப் பிடிக்காத எல்லாமே இப்போது அவளுக்கு வேண்டியதாக இருந்தது. அது அவசரப்படுத்தவில்லை. ஒவ்வொன்றுக்கும் முன்னால் நின்று, இப்போதா என்று கேட்டது. யாரோ ஒரு மனிதர், நான் பார்த்தே இராதவர், எத்தனையோ மைதானங்களில் அவள் முதுகில் உட்கார்ந்து இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார். அவர் மண்ணுக்குள் போன பிறகும் அவள் பதிலை வைத்திருந்தாள். யாரும் கேட்காததால் சொல்லாமல் இருந்தாள், அவ்வளவுதான்.

அவள் மூச்சு சமனானதும் மறுபடி இழுத்தேன்.

சொடுக். சொடுக். சொடுக். சொடுக்.

இந்த முறை ட்வைலாவுக்குத் தொப்பியை இறக்கக்கூட நேரம் இல்லை. மேக்பை சேற்றைக் கிழித்துக்கொண்டு எழுந்தாள். பின்னங்கால்கள் இரண்டும் ஒன்றாக வந்தன. பலகை முறிந்தது. லோவெல் கயிற்றை வாங்கிக்கொண்டே பின்னால் போனான். அவள் மண்டியிட்டு, விழுந்து, கரையின் கெட்டி மண்ணில் தோளை ஊன்றி, எழுந்து நின்றாள். கறுப்பும் இல்லை வெள்ளையும் இல்லை, தலைமுதல் குளம்புவரை சேறு. மண்ணே ஒரு குதிரையாகி எழுந்து நின்றது போல இருந்தது. காதுகள் மட்டும் சுத்தமாக, முன்னால் பார்த்தபடி, அடுத்தது என்ன என்று கேட்டன.

லோவெல் டிராக்டரை அணைத்துவிட்டு அதன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான். ட்வைலா தன் கோட்டைக் கழற்றி அவளைத் தேய்க்கத் தொடங்கினாள்.

அன்று இரவு உணவுக்கு லோவெல் காரமான பீன்ஸ் சூப்பையும் இலவங்கப்பட்டை ரொட்டிச் சுருளையும் கொட்டகைக்கே கொண்டுவந்தான். மேக்பை மூன்று கம்பளிகளுக்குள் நின்று வெதுவெதுப்பான தவிட்டைத் தின்றுகொண்டிருந்தாள். ட்வைலா ரிவால்வரின் பக்கக் கதவைத் திறந்து, உருளையைத் திருப்பி, வெற்றுத் தோட்டாக்களை ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டாள். வெடிக்காத அந்த ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தாள்.

"இன்னும் ஒரே ஒரு இழுப்பு, அதுக்கு அடுத்ததுல இதுதான் வந்து நின்னிருக்கும்," என்றாள்.

சூப்பை வழித்துச் சாப்பிட்டோம். பிறகு, ஞாயிற்றுக்கிழமைவரை துப்பாக்கி என்னிடம் இருக்கட்டுமா என்று கேட்டேன்.

"எதுக்கு? தாத்தா காலத்து இரும்புன்னு சிரிச்சியே?"

"தொடச்சித் தர்றேன்டி. சேறாயிருச்சு."

"தொடச்சுக்கோ, தொடச்சுக்கோ," என்று சிரித்தாள். நான் எந்த ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

இப்போது போட்டிகளில் நான் அந்த ரிவால்வரால்தான் சுடுகிறேன், கடைசியில்தான் வருகிறேன். ட்வைலா என்னைவிட ஒரே ஒரு தகடு கூடுதலாக வீழ்த்திவிட்டு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். சுத்தியலை இழுக்கும் ஒவ்வொரு முறையும் என் கட்டைவிரலுக்கு அடியில் அந்தப் படிகள் ஏறுகின்றன. கடைசிப் படியில் உலகம் முழுக்க ஒரு கணம் நின்று என்னைப் பார்க்கிறது. அந்தக் கணத்துக்காகத்தான் சுடுகிறேன் என்று நினைக்கிறேன். குண்டு அதற்குப் பிறகு எங்கே போனாலும் போகட்டும்.

மேக்பை இருக்கும் பக்கம் மட்டும் அதை இழுப்பதில்லை. அது அவளைக் கூப்பிடும் சொல். சும்மா கூப்பிட்டுவிட்டு ஒன்றும் இல்லை என்று சொல்லக் கூடாது. அவள் கால்களில் வீக்கம் வடிந்து, டாக்டர் வந்து பார்த்து, ஓட்டலாம் என்று சொல்லும்வரை காத்திருந்தேன்.

ஜூனில் ஒரு காலை. மேய்ச்சல் நிலம் காய்ந்து, சமமாக, கண்ணுக்கெட்டிய வரை பச்சையாகக் கிடந்தது. சேணத்தைப் போட்டு ஏறினேன். அவள் வழக்கம்போலப் பெருமூச்சு விட்டு, ஒரு பின்னங்காலைத் தளர்த்தி, தூங்கத் தொடங்கினாள். துப்பாக்கியின் ஆறு அறைகளும் காலி. இரண்டு முறை திறந்து பார்த்திருந்தேன். இடது கையில் கடிவாளத்தைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு, வலது கையை மேலே உயர்த்தி, கட்டைவிரலை வைத்தேன்.

முதல் சொடுக்கில் தளர்ந்த கால் தரையில் ஊன்றியது. இரண்டாவதில் என் முழங்கால்களுக்கு நடுவே அவள் உடம்பு அகன்றது. மூன்றாவதில் காதுகள் இரண்டும் எழுந்து, அவற்றுக்கு நடுவே எனக்கு வானத்தின் அடிவிளிம்பு தெரிந்தது. நான்காவது எனக்குக் கேட்கவே இல்லை. காற்றில் போய்விட்டது.